'அழாத, குழந்தைக்கு ஆகாது!' - கர்ப்பிணியின் டென்ஷன் குழந்தையின் மூளையை என்ன செய்யும்?

"மாசமா இருக்கிற பொண்ணு அழக் கூடாது, குழந்தைக்கு ஆகாது." கீழ்பென்னாத்தூர் பக்கம் எந்த வளைகாப்பு வீட்டுக்குப் போனாலும் இந்த வசனம் காதில் விழும். அதைச் சொல்ற பாட்டிகள் கார்ட்டிசால் என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. ஆனாலும், அவங்க சொல்றதுல கொஞ்சம் அறிவியல் இருக்கு. கூடவே ஒரு சிக்கலும் இருக்கு. மொத்தப் பொறுப்பையும் அந்தப் பொண்ணு தலையில கட்டிடுறோம்!

கார்ட்டிசால் வில்லனா?

நாம டென்ஷனாகும்போது, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி அதிகமாகச் சுரக்கும் ஹார்மோன்தான் கார்ட்டிசால். 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன்' என்று பெயர் இருந்தாலும், இது இல்லாமல் உயிர் வாழ முடியாது. கர்ப்ப காலத்தில் இதன் அளவு இயல்பாகவே ஏறிக்கொண்டே போய், கடைசி மாதங்களில் இரண்டு, மூன்று மடங்காகிவிடும். குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சியடைய கார்ட்டிசால் தேவை.

அம்மாவின் ரத்தத்தில் இருக்கும் கார்ட்டிசால் அப்படியே குழந்தைக்குப் போய்விடாது. நடுவில் நஞ்சுக்கொடி காவல் நிற்கிறது. அதில் இருக்கும் ஓர் என்சைம், கார்ட்டிசாலின் பெரும்பகுதியைச் செயல்படாத கார்ட்டிசோனாக மாற்றிவிடும். அதனால, ஒருநாள் சண்டை, ஒரு ராத்திரி அழுகைக்கெல்லாம் பயப்பட வேண்டாம். அழுத்தம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிப்பதுதான் பிரச்னை. பதற்றம் அதிகமுள்ள தாய்மார்களின் நஞ்சுக்கொடியில் இந்தக் காவல் பலவீனமாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

புயல் நடத்திய பாடம்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை நம்ம மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண்சரிவில் 7 பேர் இறந்தார்கள். இப்படி ஒரு பேரிடரை வயிற்றில் குழந்தையோடு கடந்தால் என்ன ஆகும்?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1998 ஜனவரியில் பனிமழைப் புயல் அடித்தது. கடும் குளிரில், சில வீடுகளில் 40 நாள்கள் வரைகூட மின்சாரம் இல்லை. அப்போது கர்ப்பமாக இருந்த பெண்களின் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அம்மா அதிகக் கஷ்டத்தை அனுபவித்திருந்தால், 2 வயதிலும் ஐந்தரை வயதிலும் குழந்தையின் மொழித்திறன் மதிப்பெண்கள் சராசரியாகக் குறைவாக இருந்தன.

மூளையில் எங்கே? பயம், பதற்றத்தைக் கையாளும் பகுதி அமிக்டலா. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் அம்மாவுக்கு கார்ட்டிசால் அதிகமாக இருந்தால், 7 வயதுப் பெண் குழந்தைகளின் வலது அமிக்டலா சற்றுப் பெரிதாக இருந்ததாக 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. ஆண் குழந்தைகளிடம் இந்தத் தொடர்பு தெரியவில்லை. எந்த மாதம், எவ்வளவு, என்ன குழந்தை என்பதைப் பொறுத்து விளைவு மாறும்.

ஒரு விஷயம்: குறைமாதப் பிரசவம் ஆகும் நிலை வந்தால், குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அதுவும் கார்ட்டிசால் குடும்பம்தான். ஆனால், அது குழந்தையின் உயிரைக் காக்கும் மருந்து. இதைப் படிச்சுட்டு, டாக்டர் சொல்ற ஊசியை மறுத்துடாதீங்க.

தலையெழுத்தா?

இல்லவே இல்லை. லண்டனில் பனிக்குடநீரில் கார்ட்டிசால் அளவைப் பார்த்து, பிறகு ஒன்றரை வயதை நெருங்கும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியையும் சோதித்தார்கள். கார்ட்டிசால் அதிகமிருந்தால் மதிப்பெண் குறைந்தது. ஆனால், அம்மாவுடன் பாதுகாப்பான, நெருக்கமான பிணைப்பு இருந்த குழந்தைகளிடம் அந்தப் பாதிப்பே தெரியவில்லை!

குடும்பம் என்ன செய்யலாம்?

* "கவலைப்படாதே" என்று சொல்வதைவிட, கவலைக்கான காரணத்தைக் குறைங்க. தண்ணிக்குடம், சமையல், மூத்த குழந்தை என எதையாவது ஒன்றை நீங்க ஏத்துக்கோங்க.

* பெங்களூருலயோ சென்னையிலயோ வேலை பார்க்கிற கணவர்களே, தினமும் போன் பண்ணுங்க. 'ஆணா, பொண்ணா' பேச்சை வீட்டில் யாரும் எடுக்காமப் பார்த்துக்கோங்க.

* பண நெருக்கடியும் ஸ்ட்ரெஸ்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ரூ.18,000 மதிப்பிலான உதவி கிடைக்கும். கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்க.

* அடித்தல், திட்டுதல், குடித்துவிட்டு வந்து சண்டை இதெல்லாம் 'குடும்ப விஷயம்' இல்லை. குழந்தையின் மூளை சம்பந்தப்பட்ட விஷயம்.

* இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, அழுகை, எதிலும் விருப்பமின்மை இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்க. டெலி மானஸ் இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

வளைகாப்பில் வளையல் போடுறதும், வகை வகையா சோறு போடுறதும் நல்ல விஷயம்தான். அந்தக் கவனிப்பு ஏழாம் மாசத்துல ஒருநாளோட முடியாம, மிச்ச நாளும் தொடரணும். அடுத்த முறை "அழாத"ன்னு சொல்றதுக்கு முன்னாடி, "ஏன்ம்மா அழறே?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.