ராத்திரி எட்டு மணிக்கு ஒரு காப்பி!

மூன்றாம் ஆண்டு மாணவர் யாரையாவது நிறுத்தி, "புராஜெக்ட் ஃபைலுக்கு இன்னொரு காப்பி வெச்சிருக்கியா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஓ, பென் டிரைவ்ல இருக்கே!" என்பார். எப்போது எடுத்தது என்று கேட்டால்தான் தலையைச் சொறிவார். முதல் ரிவ்யூவுக்கு முந்தின நாள் எடுத்ததாக இருக்கும். அதற்குப் பிறகு போட்ட டிராயிங், திருத்திய புரோகிராம், ஐந்து பேர் உட்கார்ந்து எழுதிய ரிப்போர்ட் எல்லாமே ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கை நம்பி இருக்கின்றன. வைவா வாரத்தில் அது படுத்துவிட்டால், ஐந்து பேரின் ஒரு செமஸ்டர் போச்சு.

இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிப் பிரயோஜனம் இல்லை. ரிவ்யூ நெருங்க நெருங்க ஃபைல்கள் அதிகமாக மாறுகின்றன. காப்பி எடுக்க நேரமோ குறைந்துகொண்டே போகிறது. எந்த நாளில் காப்பி மிகவும் தேவையோ, அந்த நாளில்தான் எடுக்காமல் விடுகிறோம். ஆகவே இந்த வேலையை மனுஷன் கையிலிருந்து பிடுங்கி மிஷினிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதே என் கட்சி.

"தினமும் மொத்தத்தையும் காப்பி எடுத்தால் டிஸ்க் நிரம்பிடாதா?" என்று கேட்பீர்கள். அதற்குத்தான் இன்கிரிமென்டல் பேக்கப். கடைசியாக எடுத்த காப்பிக்குப் பிறகு மாறியதை மட்டும் எடுப்பது. ஒரு கணக்குக்கு, உங்கள் புராஜெக்ட் ஃபோல்டர் 4 ஜிபி, ஒரு நாளில் மாறுவது 40 எம்பி என்று வைத்துக்கொள்வோம். தினமும் முழுசாக எடுத்தால் வாரத்துக்கு 28 ஜிபி. ஞாயிறு அன்று முழு காப்பி, மற்ற ஆறு நாளும் மாறியது மட்டும் என்றால் 4 ஜிபியும் 240 எம்பியும்தான். வேலையும் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

எது மாறியது என்று மிஷினுக்கு எப்படித் தெரிகிறது? டாஸ், விண்டோஸ் இரண்டிலும் ஒவ்வொரு ஃபைலோடும் ஆர்க்கைவ் என்று ஒரு சின்னக் கொடி உண்டு. ஃபைலைப் புதிதாக உருவாக்கினாலும் திருத்தினாலும் கொடி ஏறும். பேக்கப் புரோகிராம் கொடி ஏறிய ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொண்டு கொடியை இறக்கிவிடும். 1993-ல் வந்த எம்எஸ்-டாஸ் 6-ன் பேக்கப் புரோகிராமிலேயே இந்த வசதி இருந்தது. கொடியை இறக்காமல் விடுகிற முறையும் உண்டு. அதன் பெயர் டிஃபரன்ஷியல். அதில் ஒவ்வொரு நாளும் ஞாயிறுக்குப் பின் மாறியது அத்தனையும் சேரும். காப்பி கொஞ்சம் பெரிதாகும், ஆனால் திரும்ப எடுப்பது சுலபம்.

இனி செய்முறை. காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸிலேயே ரோபோகாப்பி என்ற கட்டளை இருக்கிறது. அதோடு சாய்வுக்கோடு போட்டு எம் என்று சேர்த்தால், கொடி ஏறிய ஃபைலை மட்டும் எடுத்துக் கொடியை இறக்கும். எஸ் சேர்த்தால் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்குள்ளும் போகும். ஞாயிறு அன்று மட்டும் அதற்கு முன்னால் அட்ரிப் கட்டளையால் எல்லா ஃபைலுக்கும் கொடியை ஏற்றிவிடுங்கள். அதே கட்டளை அன்று முழு காப்பி எடுத்துவிடும். ஒவ்வொரு நாள் காப்பியும் அன்றைய தேதியைப் பெயராகக் கொண்ட தனி ஃபோல்டருக்குள் போக வேண்டும். ஒரே ஃபோல்டரில் போட்டால் நேற்றைய நல்ல ஃபைல் மேல் இன்றைய கெட்டுப்போன ஃபைல் உட்கார்ந்துவிடும். இதை ஒரு பேட்ச் ஃபைலாக எழுதி, டாஸ்க் ஷெட்யூலரில் நேரம் குறித்துவிட்டால் முடிந்தது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு நேரம் குறிக்க கிரான், காப்பி எடுக்க 1996-ல் வந்த ஆர்சிங்க்.

முடிந்ததா? இல்லை, வில்லங்கமே இங்கேதான் ஆரம்பம்.

முதலாவது, ஷெட்யூலரின் கண்டிஷன்ஸ் பக்கம். கரண்டில் ஓடும்போது மட்டும் வேலையைத் தொடங்கு என்ற டிக் அங்கே ஏற்கெனவே போட்டிருக்கும். லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுகிறவருக்கு பேக்கப் ஓடவே ஓடாது, ஏன் என்றும் தெரியாது. அதை எடுத்துவிடுங்கள். செட்டிங்ஸ் பக்கத்தில், குறித்த நேரம் தவறினால் முடிந்த உடனே ஓடு என்ற டிக்கைப் போடுங்கள். நம் ஊர் கரண்டுக்கு இது மிக அவசியம்.

இரண்டாவது, நேரம். புத்தகங்களில் நடுராத்திரி 2 மணி என்று போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் நம்முடைய மிஷின் அணைந்திருக்கும். ஹாஸ்டலில் எல்லாரும் மெஸ்ஸுக்குப் போகும் ராத்திரி 8 மணி நல்ல நேரம். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் டைப் அடிக்கமாட்டார்கள். போகுமுன் ஃபைலை மூடிவிட்டுப் போங்கள். திறந்து கிடக்கும் சில ஃபைல்களை ரோபோகாப்பியால் எடுக்க முடியாது. அப்போது அது என்ன செய்யும் தெரியுமா? 30 விநாடி காத்திருந்து மறுபடி முயலும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பத்து லட்சம் முறை! கணக்குப் போட்டால் 347 நாள். ஆகவே ஆர் 2, டபிள்யூ 5 என்று சேர்த்து, இரண்டு முறை, ஐந்து விநாடி போதும் என்று சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, காப்பி போகிற இடம். அதே டிஸ்க்கின் இன்னொரு பகுதியில் வைப்பது காப்பி இல்லை. ஆட்டோகேட் தானாக உண்டாக்கும் பேக் ஃபைலும் அதே டிஸ்க்கில்தான் கிடக்கும். கூகுள் டிரைவில் சிங்க் செய்தால் போதாதா என்றால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், அவ்வளவுதான். வெளி டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்தாலும் ஆபத்து. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். இரண்டு வெளி டிஸ்க் வைத்துக்கொண்டு, வாரம் ஒன்றாக மாற்றி, மற்றதை டீமில் இன்னொருவர் வீட்டில் வைப்பது நல்லது.

திரும்ப எடுக்கும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். வியாழக்கிழமை டிஸ்க் போய்விட்டால் முதலில் ஞாயிறு காப்பி, அதன் மேல் திங்கள், செவ்வாய், புதன் என்று வரிசையாகப் போட வேண்டும். வரிசை மாறினால் புதிய ஃபைல் மேல் பழையது ஏறிவிடும். செவ்வாய்க் காப்பி கெட்டிருந்தால் செவ்வாயன்று மட்டும் மாறிய ஃபைல்கள் போனது போனதுதான். இடையில் நீங்கள் வேண்டாம் என்று அழித்த ஃபைல்களும் திரும்பி வந்து நிற்கும், பயந்துவிடாதீர்கள்.

'டாய் ஸ்டோரி 2' படத்தைப் பார்த்திருப்பீர்கள். 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் அந்தப் படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த ஒரு அழிப்புக் கட்டளையால் அதன் ஃபைல்கள் கண்முன்னே மறைய ஆரம்பித்தன. பேக்கப்பைத் தேடினால், அது சில காலமாகவே சரியாக வேலை செய்யவில்லை! அத்தனை பெரிய கம்பெனியில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற டெக்னிக்கல் டைரக்டரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி இருந்தது. அதைப் பத்திரமாகப் போர்வை சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள். கூத்து என்னவென்றால், கதை பிடிக்கவில்லை என்று பிறகு படத்தின் பெரும்பகுதியை அவர்களே மாற்றி எடுத்தார்கள்.

தானாக ஓடுவது தானாகவே நின்றும் போகும். அதனால் ரோபோகாப்பிக்கு லாக் எழுதவும் சொல்லுங்கள். அன்று எத்தனை ஃபைல் எடுத்தது, எத்தனை தவறியது என்று அதில் இருக்கும். வாரம் ஒரு முறை டீமில் ஒருவர் அதைப் படிக்கட்டும். நாள் முழுக்க வேலை செய்த தினத்தில் 0 ஃபைல் என்று இருந்தால் எங்கோ கோளாறு. மாதம் ஒரு முறை காப்பியிலிருந்து ஒரு டிராயிங்கையும் ரிப்போர்ட்டின் ஒரு அத்தியாயத்தையும் வேறு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பாருங்கள். ஃபைல் பெயர் தெரிகிறது என்று விட்டுவிடாமல், கடைசிப் பக்கம் வரைக்கும் ஓட்டிப் பாருங்கள்.