சித்தப்பா கேட்ட ஐந்து கேள்விகள்

ரந்தாவ் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர் என் அப்பா. லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த பிறகும் அவர் கைவிடாத ஒன்று, ஒரு பிஸ்கட் டின். கிளினிக்கில் கொடுத்து மிச்சமான மாத்திரைகள் எல்லாம் அதில்தான் கிடக்கும். வீட்டில் யாருக்கு என்ன வலி என்றாலும் அந்த டின்னைத்தான் திறப்போம்.

சென்ற வருஷம் அவருக்கே காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் குடைச்சல். பனடோலுக்கு அடங்கவில்லை. எப்போதோ முட்டி வலிக்குக் கொடுத்த பொன்ஸ்தானை டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் நான்தான். வானொலியில் டாக்டர்களைப் பேட்டி எடுக்கும் அதே நான்!

மாலையில் சித்தப்பா வந்தார். ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக 21 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். உட்காரும் முன்பே கேட்க ஆரம்பித்தார்.

"எத்தனை நாளா காய்ச்சல்ண்ணே? இதுவரைக்கும் என்ன மருந்து, எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க? எந்த மருந்தாவது ஒத்துக்காதா? கேஸ்ட்ரிக், கிட்னி, பிரஷர் ஏதும் இருக்கா? வேற மருந்து, ஜாமு ஏதாவது எடுக்கிறீங்களா?"

இரண்டாவது கேள்விக்கு நான் சொன்ன பதிலில் அவர் முகம் மாறியது. "இனிமே அதைத் தொடாதீங்கண்ணே. இது டிங்கியா இருந்தா வம்பு. கிளம்புங்க, ரத்தம் சோதிக்கணும்."

டிங்கியேதான். ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன. நான்கு நாள் வார்டில் இருந்து அப்பா வீடு திரும்பினார்.

ரத்தம் உறைய உதவுபவை தட்டணுக்கள். டிங்கி அவற்றைக் குறைக்கிறது. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், பொன்ஸ்தான் எனப்படும் மெஃபெனமிக் அமிலம் போன்றவை மிஞ்சியிருக்கும் தட்டணுக்களின் வேலையையும் கெடுக்கின்றன. வயிற்றுப் புண்ணையும் கிளறுகின்றன. அதனால்தான் டிங்கி சந்தேகம் இருந்தாலே பாராசிட்டமால் மட்டும் போதும் என்கிறார்கள்.

இதை ராணுவத்தில் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். "குண்டு படுறவனுக்கும் ரத்தம்தானேம்மா பிரச்சினை" என்றார். அமெரிக்க ராணுவத்தின் போர்க்கள மருத்துவ வழிகாட்டிகளும் இதையே சொல்கின்றன. சிப்பாய் தன்னோடு வைத்திருக்கும் மாத்திரைப் பொட்டலத்தில் வலிக்கு இருப்பவை பாராசிட்டமாலும் மெலாக்சிகாமும். ஆஸ்பிரின் கிடையாது. ஒரு வேளை ஆஸ்பிரின் தொட்ட தட்டணு, அதன் ஆயுளான 7 முதல் 10 நாள் வரை சரியாக வேலை செய்யாது. காயம்பட்டவருக்கு எந்த மருந்தை, எவ்வளவு, எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று அட்டையில் எழுதி அவரோடு அனுப்புவதும் அங்கே கட்டாயம்.

இது நம் தோட்டப்புறத்துக்குப் புதிதல்ல. பெரட்டுக்களத்தில் டிரசர் கொயினா கொடுத்து, ஆட்கள் விழுங்குகிறார்களா என்று நின்று பார்ப்பாராம். பாட்டி தன் அம்மா காலத்துக் கதையாகச் சொல்வார். இரண்டாம் உலகப் போரில் நியூகினியில் மலேரியாவுக்கு மெபாக்ரின் மாத்திரை தந்தபோது, ஆஸ்திரேலிய ராணுவ அதிகாரிகளும் சிப்பாய்கள் முன்னால் அப்படித்தான் நின்றார்கள். கசப்பும், தோல் மஞ்சளாவதும், ஆண்மை போய்விடும் என்ற வதந்தியும் சேர்ந்து, பலர் அதைத் துப்பிவிட்டார்கள். நாளுக்கு 100 மில்லிகிராம் தவறாமல் போனால் காய்ச்சல் அண்டாது என்று கெய்ன்ஸ் நகரில் 1943இல் தொடங்கிய சோதனைகள் காட்டின. கண்காணிப்பு இறுகிய பிறகே மலேரியா இறங்கியது.

இன்று தோட்டங்கள் பல தாமான்களாகிவிட்டன. டிரசரும் இல்லை, அவருடைய மருந்துப் புத்தகமும் இல்லை. அவருடைய வேலையை நாமே செய்கிறோம். ஆனால் கேள்வி கேட்பதில்லை.

பனடோலுக்கும் அளவு உண்டு. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, குறைந்தது 4 மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் 8க்கு மேல் கூடாது. மெலிந்த முதியவர்களும், ஈரல் நோய் உள்ளவர்களும், மது அருந்துபவர்களும் அதைவிடக் குறைவாகத்தான் எடுக்க வேண்டும், டாக்டரைக் கேளுங்கள். பல சளி மருந்துகளிலும் பாராசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் ஈரலுக்கு ஆபத்து. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் வேண்டாம்.

மூட்டு வலிக்குச் சந்தையில் வாங்கும் ஜாமு ஒரே நாளில் அதிசயம் செய்தால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. பெட்டியில் எம்.ஏ.எல். பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி இவற்றில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கள் பிஸ்கட் டின்னைச் சித்தப்பா தரையில் கொட்டினார். பாதி மாத்திரைகளுக்குப் பெயரே இல்லை. சில நான் பள்ளியில் படித்த காலத்தவை. மருந்தகத்தில் ஒப்படைக்கச் சொல்லிப் பையில் கட்டினார். இப்போது டின்னோடு ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கிறது. போன வாரம் தலைவலிக்கு நான் மாத்திரை எடுக்கப் போனபோது, அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார்.

"முன்ன எத்தனை மணிக்கும்மா சாப்பிட்ட?"