ராத்திரி டூட்டியில் யார் இருக்கிறார்கள்?

ஹைதராபாத்தில் நாய் வளர்ப்போரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான வேண்டுகோள் ஒன்று அடிக்கடி வரும். எடை 25 கிலோவுக்கு மேல், வயது ஒன்றிலிருந்து எட்டுக்குள், தடுப்பூசிகள் எல்லாம் போட்டிருக்க வேண்டும், உடனே வரமுடியுமா? கொண்டாப்பூரிலோ மணிகொண்டாவிலோ சைனிக்புரியிலோ ஒரு நாய் ரத்தத்துக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கும் தன் லாப்ரடாரை எழுப்பி, காரில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். எதிர்முனையில் இருப்பவர் யாரென்று பல நேரம் அவருக்கே தெரியாது.

பெரும்பாலும் காரணம் உண்ணி. பழுப்பு நிற நாய் உண்ணி தோட்டத்தில்தான் வாழும் என்பதில்லை. பதினான்காவது மாடி ஃபிளாட்டின் சுவர் இடுக்கிலும் கதவு நிலைக்குப் பின்னாலும் முட்டையிட்டுக் குடித்தனம் நடத்தும். அது கடிக்கும்போது எர்லிக்கியா என்ற பாக்டீரியாவையும் பேபிசியா என்ற ஒட்டுண்ணியையும் நாயின் உடம்புக்குள் விட்டுவிடலாம். எர்லிக்கியா வந்தால் தட்டணுக்கள் சரியும். டெங்கு காலத்தில் பிளேட்லெட் கணக்குப் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேபிசியா சிவப்பணுவுக்குள்ளேயே புகுந்து அதை உடைத்துவிடும். முதல் நாள் நாய் சாப்பிடாது. வெயில் என்று நினைப்போம். அடுத்த நாள் சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போகும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் காகிதம்போல இருக்கும். மொத்த ரத்தத்தில் 37 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய சிவப்பணுப் பங்கு, இந்தக் கட்டத்தில் 15க்கும் கீழே போயிருக்கக்கூடும். மருந்து வேலை செய்யும்வரை நாய் உயிரோடு இருக்க, வேறொரு நாயின் ரத்தம் வேண்டும்.

ரத்தம் கொடுக்க வரும் நாயை மேஜையில் ஒருக்களித்துப் படுக்கவைப்பார்கள். கழுத்தில் ஒரு கையகல இடத்தில் முடியை மழித்து, கழுத்து நாளத்தில் ஊசியை ஏற்றுவார்கள். பை மனிதர்களுக்குப் பயன்படும் அதே ரத்தப் பைதான். அதைத் தரையோரம் தாழ்த்திப் பிடித்து, உறையாமலிருக்க ஒருவர் மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வளர்த்தவர் தலைமாட்டில் நின்று காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுப்பார். பழகிய நாய் என்றால் மயக்க மருந்து தேவைப்படாது. நாய்களிடம் ஒரு வசதி உண்டு. பிற நாயின் ரத்தத்துக்கு எதிரான வலுவான எதிர்ப்பான்கள் பிறவியிலேயே இருப்பதில்லை. அதனால் முதல் முறை ஏற்றும்போது பெரும்பாலும் ஆபத்து நேராது. இரண்டாம் முறை பொருத்தம் பார்க்காமல் ஏற்றக்கூடாது. பூனைக்கு இந்தச் சலுகை கிடையாது. பி வகைப் பூனைக்கு ஏ வகை ரத்தம் முதல் முறையே எமனாகிவிடும்.

சென்னை வேப்பேரியில், 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி விலங்குகளுக்கென ஒரு ரத்த வங்கியை நடத்துகிறது. நாய்க்கு டயாலிசிஸும் அங்கே உண்டு. நாட்டின் பெரும்பாலான நகரங்களில் வாட்ஸ்அப் குழுதான் ரத்த வங்கி. ஒன்றிய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை விலங்கு ரத்த வங்கிகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டதே 2025இல்தான். ரத்ததானம் காசு வாங்காத தானமாக இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு நெறி. நல்ல விஷயம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு நெறிமுறையைக் குளுக்கோஸ் ஸ்டாண்டில் தொங்கவிட முடியாது.

இந்தியாவில் அவசர ஆம்புலன்ஸ் என்ற எண்ணத்துக்கு ஹைதராபாத்தைத் தாய்வீடு என்று சொல்லலாம். 108 ஆம்புலன்ஸ் 2005 ஆகஸ்ட் 15 அன்று ஓடத் தொடங்கியது இந்த ஊரில்தான். கால்நடைகளுக்கும் அதுபோல ஒன்று வேண்டும் என்று தெலங்கானா அரசு 2017இல் 100 நடமாடும் மருத்துவ வண்டிகளை இறக்கி, 1962 என்ற எண்ணைக் கொடுத்தது. அதே எண் மற்ற மாநிலங்களிலும், தமிழ்நாட்டிலும் பழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த வண்டிகள் புறப்பட்டது எருமைக்கும் ஆட்டுக்கும். அது சரியான முன்னுரிமைதான். ஒரு விவசாயியின் கறவை எருமை செத்தால் குடும்பத்தின் மாத வருமானம் போகும். நம் கால்நடை மருத்துவக் கல்வியும் அந்த எருமையை மையமாக வைத்து வளர்ந்ததுதான். ராஜேந்திரநகர் கால்நடைக் கல்லூரி 1946இல் தொடங்கியது. மாநிலம் பிரிந்த 2014இல் உருவான பி.வி. நரசிம்ம ராவ் கால்நடைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இப்போது இருக்கிறது. (மெஹதிப்பட்டினத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் நீள மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான். அவசரத்தில் போகிறவர் வழி தவற முடியாது.) நாராயண்குடாவில் அரசின் சூப்பர் ஸ்பெஷாலிட்டி கால்நடை மருத்துவமனை இருக்கிறது. இவை போக, ஐ.டி. பணம் பெருகிய மேற்கு ஹைதராபாத்தில் எக்ஸ்ரே, ஸ்கேன், எக்கோ, லேப்ராஸ்கோப்பி என்று பலகை மாட்டிய தனியார் மருத்துவமனைகள் தெருவுக்குத் தெரு முளைத்துவிட்டன.

இயந்திரங்கள் வந்துவிட்டன. ராத்திரி டூட்டிதான் இன்னும் சரியாக வந்து சேரவில்லை. இந்தக் கட்டுரையின் ஆதங்கமெல்லாம் அதைப் பற்றித்தான்.

பார்வோவை எடுத்துக்கொள்வோம். 1978இல் உலகத்துக்குத் தெரியவந்த வைரஸ். 1980களின் தொடக்கத்திலேயே சென்னையில் ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டுவிட்டார்கள். மூன்று மாதக் குட்டி வாந்தி எடுக்கும், துர்நாற்றத்தோடு ரத்தபேதி போகும். வைரஸைக் கொல்ல நம்பகமான மருந்து ஒன்றும் கைவசம் இல்லை. உடம்பில் நீரும் உப்பும் சர்க்கரையும் குறையாமல் பார்த்துக்கொண்டு, குடல் தானாகத் தேறும்வரை குட்டியைப் பிடித்துவைத்திருப்பதுதான் வைத்தியம். கவனிக்காமல் விட்டால் பெரும்பாலான குட்டிகள் போய்விடும். இரவும் பகலும் கவனித்தால் பெரும்பாலானவை பிழைக்கும். நம் ஊர் வழக்கமோ காலையில் ஒரு டிரிப்ஸ், சாயங்காலம் ஒரு டிரிப்ஸ், ராத்திரி வீட்டில். குட்டிக்குச் சர்க்கரை அளவு கீழே இறங்குவதும் உடம்பு சில்லிட்டுப்போவதும் அந்த வீட்டு ராத்திரியில்தான். அதற்காக டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. பகல் முழுக்க 50 நாய் பார்த்தவர், உதவிக்கு ஒரே ஒரு பையன், இரவு ஷிஃப்டுக்கு ஆள் போட்டால் கட்டணம் இரட்டிப்பாகும், அதைக் கேட்டால் வந்தவர் சண்டைக்கு நிற்பார். அமெரிக்காவில் கால்நடை அவசர சிகிச்சை 1989 முதலே அங்கீகாரம் பெற்ற தனித்துறை. இங்கே ஐந்தரை ஆண்டுப் படிப்பை முடித்து, அறுவை என்றோ மருத்துவம் என்றோ மேல்படிப்புப் படித்தவர்களில் பலர், அவசர சிகிச்சையைக் கைப்பழக்கத்தில்தான் கற்கிறார்கள்.

வளர்ப்பவர் பக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எது அவசரம் என்று தெரிவதில்லை. நாயின் காலில் ரத்தம் சொட்டினால் வீடே அலறும். ஆண் பூனை மணல் தட்டில் ஏறி ஏறி உட்கார்ந்து எழுந்தால் யாரும் அசைவதில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுக்கிறவர்களும் உண்டு. உண்மையில் சிறுநீர்க் குழாய் அடைபட்டிருக்கலாம். ஆண் பூனைக்கு அந்தக் குழாய் அத்தனை சன்னம். மணல்போன்ற படிகமும் சளியும் சேர்ந்து தக்கையாகிவிடும். சிறுநீர் வெளியேறாவிட்டால் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு மந்தமாகும். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். மருத்துவமனையில் முதலில் பார்ப்பது ஈசிஜியை. கால்சியம் ஊசி போட்டு இதயத்தைக் காபந்து பண்ணிய பிறகுதான் குழாய்க்கே வருவார்கள். அப்போது இறங்கும் சிறுநீர் சிவப்பாக, சில நேரம் கட்டியோடு வரும்.

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன்போல ஆழ்ந்த மார்புள்ள நாய்கள் வயிறு உப்பி, வாந்தி வருவதுபோல ஓங்கரித்து, எதுவும் வெளியே வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்குக் கெடு சில மணி நேரம்தான். ஹைதராபாத்தின் மே மாத வெயிலில் பக், ஃபிரெஞ்ச் புல்டாக், ஷிட்ஸு ஆகிய சப்பை மூக்கு நாய்களுக்கு உடம்பு 41 டிகிரியைத் தாண்டினால், முதலில் குழாய்த் தண்ணீரை ஊற்றி மின்விசிறியைப் போட வேண்டும், காரில் ஏற்றுவது அதற்குப் பிறகு. காய்ச்சலென்று பூனைக்கு அரை மாத்திரை பாராசிட்டமால் கொடுப்பது விஷம் வைப்பதற்குச் சமம். அதன் ஈரலுக்கு அந்த மருந்தைச் சிதைக்கும் திறமை இல்லை. அன்பு மிகுதியால் நடக்கும் விஷச் சாவுகளில் இது முக்கியமானது.

ஷம்ஷாபாத், ஷங்கர்பள்ளி பக்கம் தோட்டத்தோடு வில்லா வாங்கிப் போனவர்களுக்குப் பாம்பும் சேர்த்துக் கிடைத்திருக்கிறது. நாய் பாம்பை முகர்ந்து பார்க்கும், அதனால் கடி பெரும்பாலும் மூஞ்சியிலோ முன்னங்காலிலோ இருக்கும். மனிதனுக்குப் போடும் அதே விஷமுறி மருந்துதான் நாய்க்கும். சின்ன நாய்க்குச் சின்ன டோஸ் என்ற கணக்கு இதில் செல்லாது. முறிக்க வேண்டியது பாம்பு இறக்கிய விஷத்தை, அது நாயின் எடையைப் பார்த்து இறக்குவதில்லை. இந்த மருந்தைத் தயாரிக்கும் நிறுவனங்களில் வின்ஸ் பயோபுராடக்ட்ஸ் ஹைதராபாத்தைச் சேர்ந்தது. இத்தகைய நிறுவனங்களுக்கு மூலப்பொருளான விஷத்தை எடுத்துக்கொடுப்பது, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். ஷங்கர்பள்ளி நாய்க்கு ஏறும் குப்பியில் செங்கல்பட்டு இருளரின் கைத்திறன் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஹைதராபாத்துக்கும் நாய்களுக்கும் மயக்க மருந்து வழியாக ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1880களில் குளோரோஃபார்ம் கொடுத்து அறுவை செய்யும்போது நோயாளிகள் திடீரென்று இறந்தார்கள். முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்று ஐரோப்பாவில் பெரிய சண்டை. ஹைதராபாத் பிரிட்டிஷ் ரெசிடென்ஸியின் சர்ஜன் எட்வர்ட் லாரி மூச்சுக் கட்சி. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் பணம் கொடுக்க, 1888இல் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட தெருநாய்களுக்குக் குளோரோஃபார்ம் கொடுத்துக் கொன்று பார்த்தார்கள். லண்டன் ஏற்கவில்லை. நிஜாம் 1,000 பவுன் தருவதாகச் சொல்ல, 'லான்செட்' மருத்துவ இதழ் லாடர் பிரண்டன் என்ற மருத்துவரை அனுப்பியது. 1889இல் இரண்டாவது குழு நாய், குரங்கு, ஆடு, குதிரை என்று நூற்றுக்கணக்கான பிராணிகளில் மறுபடி சோதித்து, மூச்சுதான் முதலில் நிற்கிறது என்று லாரிக்கே வெற்றி தந்தது. லாரியிடம் படித்த ரூபா பாய் ஃபர்தூன்ஜி, உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவர் என்று இன்று பேசப்படுகிறார். அந்தச் சோதனைகளில் அவருக்கும் பங்கு உண்டு.

தீர்ப்பு பாதிதான் சரி. 1911இல் குட்மேன் லெவி என்பவர் பூனைகளில் செய்த ஆய்வில், லேசான குளோரோஃபார்ம் மயக்கத்தில் இதயமே திடீரென்று தாறுமாறாகத் துடித்து நின்றுபோகும் என்று தெரிந்தது. ஆனால் மூச்சிலிருந்து கண்ணை எடுக்காதே என்ற லாரியின் பிடிவாதம் இன்றும் செல்லும். இப்போது ஒரு பக் நாய்க்கு ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்தைக் கொடுக்கும்போது, அது வெளியே விடும் கரியமில வாயுவின் அளவு திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கவென்றே ஒருவர் நிற்க வேண்டும். அறுப்பவரே ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடக்கூடாது.

சிகிச்சையில் எதுவரை போகலாம் என்பதற்கு எல்லை விரிந்துகொண்டே போகிறது. 2024 மே மாதம் டெல்லியில் ஜூலியட் என்ற ஏழு வயது பீகிளுக்கு, மார்பைப் பிளக்காமல், துடிக்கும் இதயத்தின் மிட்ரல் வால்வில் கிளிப் மாட்டினார்கள். அதே ஆண்டு மும்பை மகாலட்சுமியில் 165 கோடி ரூபாயில் டாடா அறக்கட்டளைகளின் சிறு விலங்கு மருத்துவமனை திறந்தது. இன்னொரு முனையில், ஹைதராபாத் ஜூப்ளி ஹில்ஸில் அமலா அக்கினேனி 1992இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, சொந்தக்காரர் இல்லாத நாய்களை அள்ளிக்கொண்டு வருகிறது. இரண்டுக்கும் நடுவில்தான் மாதச் சம்பளக் குடும்பம் நிற்கிறது. செல்ல நாய்க்கான காப்பீடு இந்தியாவில் விற்பனைக்கு இருக்கிறது, வாங்கியவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே கவுன்டரில் முன்பணம் கேட்கும்போது முகம் மாறுகிறது. பதினான்கு வயது நாய்க்கு வென்டிலேட்டர் வேண்டாம், வலியில்லாமல் அனுப்பிவிடுங்கள் என்று சொல்கிறவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நான் நினைக்கமாட்டேன். அதைச் சொல்ல விடாமல் நாளுக்கு நாள் பில்லை ஏற்றும் இடத்தைப் பற்றித்தான் எனக்குக் கோபம் வரும்.

ஹைதராபாத்தில் இருந்தாலும் சென்னை மடிப்பாக்கத்தில் இருந்தாலும், நாய் பூனை நன்றாக இருக்கும் ஒரு நாளில் பக்கத்து மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கேட்டுவைக்கலாம். '24 மணி நேரம்' என்று பலகையில் இருக்கிறதே, ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டர் கட்டடத்துக்குள் இருப்பாரா, கூப்பிட்டால் வருவாரா? வருவாரென்றால் எங்கிருந்து? ஆக்சிஜன் இருக்கிறதா? உள்ளே சேர்த்த பிராணியின் பக்கத்தில் விடியும்வரை உட்கார்ந்திருப்பவர் யார், அவர் என்ன படித்திருக்கிறார்? ரத்தம் தேவைப்பட்டால் எந்தக் குழுவில் கேட்பார்கள்? நேராகப் பதில் சொல்லும் மருத்துவமனையின் எண்ணை, வண்டி வருமோ வராதோ, 1962க்குப் பக்கத்தில் சேமித்துக்கொள்ளலாம். உங்கள் நாய் 25 கிலோவுக்கு மேல் என்றால், அதன் பெயரையும் அங்கே எழுதிக்கொடுத்துவிட்டு வரலாம்.