குறியற்ற விலங்குகள்: நெடுந்தீவுக் குதிரையும் பாலைமலை ஆடும்

கனகராயன்குளம் பகுதியில், காட்டோரமாக ஒரு மாட்டுக் கூட்டம் மேயக் கண்டால் மாடு வளர்ப்போர் முதலில் தேடுவது நிறத்தையோ கொம்பையோ அன்று, குறியையே தேடுவர். சுட்ட குறியோ வெட்டிய காதோ இருந்தால் அது ஒருவருடைய உடைமை. இரண்டும் இல்லையெனில் அது குழுமாடு. உடலமைப்பில் இரண்டிற்கும் வேறுபாடு இல்லாதிருக்கலாம். நேற்றுப் பட்டியில் நின்றதன் கன்று இன்று குழுவாகலாம். குழுவைக் கயிறெறிந்து பிடித்துப் பழக்கினால் அது மீண்டும் பட்டிமாடாகும். ஆகவே குழு என்னும் சொல் ஓர் இனத்தைக் குறிக்கவில்லை. விலங்குக்கும் மனிதனுக்கும் இடையே அறுந்துபோன ஓர் உறவையே குறிக்கின்றது. 2008–2009 இடப்பெயர்வின்போது வன்னி மக்கள் கைவிட நேர்ந்த மாடுகள் காட்டோரங்களில் திரிந்தமையை நினைவிற் கொள்வோர்க்கு இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சியாகத் தோன்றாது.

உள்ளூர் மாட்டைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் போதுமானது. கடல்கடந்து கொண்டுவரப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டுக் காட்டு வாழ்வை மேற்கொண்ட விலங்கை எவ்வாறு கொள்வது? அது அந்நியமா, சுதேசமா? வடபகுதியில் இவ்வினாவிற்கு உரிய தலைசிறந்த எடுத்துக்காட்டு நெடுந்தீவுக் குதிரையாகும்.

தமிழ்நிலம் குதிரைக்கு உகந்த நிலமன்று. காவிரிப்பூம்பட்டினத்திற் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. அதாவது அக்காலத்திலேயே குதிரை ஓர் இறக்குமதிப் பொருள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெருந்தொகையாக வாங்கப்படும் குதிரைகள் பேணத் தெரிந்தோர் இன்மையால் விரைவில் மடிந்தொழிவதைக் கூறுகின்றார். அரசர்தம் இலாயங்களில் ஏவலாளர் சூழ வாழ்ந்தும் நிலைக்காத விலங்கு, எவரும் பேணாத ஒரு முருகைக்கல் தீவில் தலைமுறை தலைமுறையாக நிலைபெற்றிருக்கின்றது! நிலத்தின் தன்மையை மட்டும் கொண்டு இதனை விளக்கிவிட முடியாது என்பதே என் கருத்து.

போர்த்துக்கேயர் இத்தீவுக்குக் குதிரையைக் கொண்டுவந்தனர். ஒல்லாந்தர் அவ்வளர்ப்பைத் தொடர்ந்து பெருக்கினர். தீவுக்குத் தம் நாட்டு நகராகிய டெல்வ்ற் என்பதன் பெயரைச் சூட்டியவர்களும் அவர்களே. பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்னும் இராணுவ அதிகாரியின் பொறுப்பிலே தீவு இருந்தது. தீவைத் தேர்ந்தமைக்குக் காரணம் வெளிப்படை: கடலே வேலி. குதிரைப்படையும் அதிகாரிகளின் பயணமும் வேண்டிநின்ற விலங்கைத் தப்பியோட இடமில்லாத ஓரிடத்திற் பெருக்குவது மலிவானது. பின்னர் அத்தேவை அற்றுப்போனபோது வளர்ப்பும் கைவிடப்பட்டது. இலாயத்தின் கற்றூண்கள் எஞ்சின, குதிரைகளும் எஞ்சின. ஆக, இவை காட்டிலிருந்து வந்தவையல்ல. ஆட்சியின் கணக்கேட்டிலிருந்து நீக்கப்பட்டவை.

குறிகட்டுவானிலிருந்து படகேறிச் செல்பவர் இவற்றைக் காண்பது கடினமன்று. மரமடர்ந்த காடு இல்லை. தாழ்ந்த புல்வெளியும், முருகைக்கல்லை அடுக்கி எழுப்பிய வேலிகளுமே உள்ளன. எனினும் எதைக் காண்கிறோம் என்பதை அறிந்து காணல் வேண்டும். உருவிற் சிறிய இம்மட்டக்குதிரைகள் மாட்டைப்போல் ஒழுங்கற்ற மந்தையாக நிற்பதில்லை. ஓர் ஆண்குதிரை, சில பெட்டைகள், குட்டிகள் எனச் சிறு குடும்பங்களாக நிற்கும்; குடும்பம் அமையாத இளம் ஆண்கள் தனிக்குழுவாகத் திரியும். ஒரே இடத்திற் குவிந்து கிடக்கும் இலத்தி ஆண்குதிரையின் அடையாளம். பட்டிக்குத் திரும்பும் விலங்கிடம் இத்தகைய ஒழுங்கை எதிர்பார்க்க இயலாது.

மேய்ச்சல்தான் முக்கியமானது. மாட்டுக்கு மேற்றாடையில் முன்பற்கள் இல்லை. நாவாற் சுழற்றிப் புல்லைப் பறிக்கின்றது. குதிரைக்கு இரு தாடைகளிலும் முன்பற்கள் உண்டு. ஆதலால் மாடு விட்ட அடிப்புல்லையும் அதனாற் கடித்தெடுக்க முடியும். அசைபோடாத விலங்காகையால் சத்துக் குறைந்த முற்றிய புல்லையும் மிகுதியாகத் தின்று காலங்கழிக்கும். ஆனால் தண்ணீர் இல்லாமல் அதனால் இயங்க முடியாது. மழையற்ற மாதங்களில் நன்னீர்க் கிணறுகளை அண்டியே மனிதரும் மாடும் ஆடும் குதிரையும் ஒருசேர வாழவேண்டியுள்ளது. கடும் வறட்சியில் குதிரைகள் மடிவதும் நேர்ந்ததே.

இதனை வேறொரு நாட்டு அனுபவத்தோடு ஒப்பிட்டால் பிரச்சினை தெளிவுறும். வட ஆபிரிக்காவின் வறண்ட மலைகளுக்கு உரியது அவுதாத் என்னும் காட்டாடு. 1950இல் ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவிலும், 1957–58இல் ரெக்சாஸின் பலோ டூரோ பள்ளத்தாக்கிலும் வேட்டைக்கென்றே இது விடுவிக்கப்பட்டது. அந்நிலம் தாய்நிலத்தை ஒத்ததாயிருக்கவே ஆயிரக்கணக்கிற் பெருகியது. பாறையோடு பாறையாய்க் கலக்கும் மணல்நிறம். ஆபத்தை உணர்ந்தால் ஓடாமல் அசைவற்று நிற்கும் இயல்பு. ஆகையால் தொலைநோக்கியுடன் சாய்வுகளைத் துருவுவோர் உருவத்தைவிட, காலையிலும் மாலையிலும் நிகழும் அசைவையே தேடுவர். தொண்டையிலிருந்து முன்னங்கால்வரை தொங்கும் நீண்ட மயிர்த்திரளே ஐயமற்ற அடையாளம். ஆணுக்கும் பெண்ணுக்கும் பெருங்கொம்பு இருப்பதால் பால் பிரித்தறிவதில் அனுபவசாலிகளும் தவறுவர். அந்நிலத்தின் சொந்த விலங்காகிய பெருங்கொம்புச் செம்மறிக்குப் பின்புறத்தில் வெள்ளைத் திட்டு உண்டு. அவுதாத்துக்கு அது இல்லை.

அந்தப் பெருங்கொம்புச் செம்மறியோ 1960களின் தொடக்கத்தில் ரெக்சாஸிலிருந்து முற்றாக மறைந்து, பின் வேறு மாநிலங்களிலிருந்து கொணரப்பட்டு அரும்பாடுபட்டு மீட்கப்பட்டது. அதனோடு புல்லுக்கும் நீருக்கும் அவுதாத் போட்டியிடுகின்றது. நுரையீரல் நோயைப் பரப்பும் அபாயமும் உண்டு. மாநில அரசின் விலங்கியலாளர் அதனைக் குறைக்க விழைகின்றனர். வேட்டையாட வருவோரிடம் பெருந்தொகை பெறும் நிலவுடைமையாளர் பலருக்கோ அது வருமானம். தாயகமாகிய வட ஆபிரிக்காவில் அதே விலங்கு அழிவபாயத்தை எதிர்நோக்கி நிற்பது இதிலுள்ள முரண். ஒரே ஆடு ஒரு நாட்டிற் காக்கப்பட வேண்டியது. மறு நாட்டிற் சுட்டுக் குறைக்கப்பட வேண்டியது.

நெடுந்தீவு இதிலிருந்து வேறுபடுகின்றது. குதிரை இடம்பெயர்த்த பெருங்காட்டு விலங்கு எதனையும் அங்குக் காணோம். அதன் போட்டியாளர் தீவு மக்களின் மாடும் ஆடுமே. எனவே அங்கு அந்நியமா சுதேசமா என்னும் விவாதத்தை இயற்கையின் பெயரால் நடத்துவது பொருந்தாது. புல்லும் நீரும் யாருக்கு எவ்வளவு என்பதே வினா. 2015ஆம் ஆண்டு தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டமை குதிரைக்கு ஒரு சட்டத் தகுதியை வழங்கியது. குடியேற்ற அரசு குறியழித்து விட்ட விலங்குக்கு இன்றைய அரசு புதுக்குறி சுட்டது என்று இதனைச் சொல்லலாம். ஆனால் பக்கத்து வளவின் பசுவுக்கு அத்தகைய தகுதி எதுவும் இல்லை. பூங்காவின் எல்லைக்குள் வளர்ப்பு விலங்கை மேயவிடுவது சட்டத்தின் பார்வையிற் குற்றமாகிவிடும். சுற்றுலாப் பயணி படமெடுத்துச் செல்லும் குதிரையின் புற்செலவை, ஒன்றிரண்டு மாட்டை நம்பி வாழும் குடும்பம் ஏற்க நேரிடுமாயின், அதனைப் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லால் மூடிவிடலாகாது. குதிரைகளை அகற்றவேண்டும் என்பது இதன் பொருளன்று. தீவு மக்களே அதனை விரும்பமாட்டார்கள்.

தொகை எடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். மாரி பெய்து தீவெங்கும் பசுமை பரந்திருக்கும் மார்கழியிற் குதிரைகள் சிதறி நிற்கும். அப்போது எண்ணினால் நிலம் எல்லோருக்கும் போதுமானதாகவே தோன்றும். ஆவணி, புரட்டாதி மாதங்களில் நீர்நிலைகளின் அருகே விடியற்காலையில் இருந்து எண்ணுதல் வேண்டும். அதே நீரைத் தேடிவரும் மாட்டையும் ஆட்டையும் அதே ஏட்டில், அவற்றின் குறியோடு, பதிதலும் வேண்டும்.