பால்மானியும் அதன் உபயோகமும்

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் நெல், மணிலா சாகுபடியோடு கறவை மாடுகளையும் பேணி வருவது குடியானவர்களின் வழக்கம். பாலின் விலை இக்காலத்தில் படியளவை மாத்திரம் கொண்டு நிர்ணயிக்கப்படுவதில்லை. பாலிலுள்ள கொழுப்பையும், கொழுப்பல்லாத திடப்பொருளையும் கணக்கிட்டே பணம் கொடுக்கப்படுகிறது. இக்கணக்கிற்கு நெடுங்காலமாக ஆதாரமாயிருந்து வருவது பால்மானி. மின்னணுக் கருவிகள் பல நிலையங்களுக்கு வந்துவிட்ட போதிலும், ஐயம் நேரும்போது எவரும் எளிதில் சோதித்துப் பார்க்கக்கூடிய கருவி இதுவேயாம்.

கருவியின் தத்துவம்

பள்ளிச் சிறுவர்கள் ஆய்வுக்கூடத்தில் காணும் திரவமானியின் ஒரு வகையே பால்மானி. அடியில் ஈயக்குண்டு அல்லது பாதரசம் வைத்த கண்ணாடிக் குமிழும், அதன்மேல் எண்கள் குறித்த மெல்லிய தண்டும் உடையது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை விலக்கும். ஆகையால் அடர்த்தி மிகுந்த திரவத்தில் மானி குறைவாக அமிழும். அடர்த்தி குறைந்ததில் ஆழ அமிழும். இவ்விதிக்கு மூலமானவர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் என்னும் கிரேக்க அறிஞர்.

மானி 30 என்று காட்டினால், நீரின் அடர்த்தி 1.000 ஆகும்போது அப்பாலினது 1.030 என்று பொருள். பசும்பால் ஏறக்குறைய 28 முதல் 30 வரையும், எருமைப்பால் 30 முதல் 32 வரையும் காட்டும். 30 காட்டும் பால் 9 லிட்டரில் 1 லிட்டர் நீர் சேர்ந்தால் அளவு 27 ஆகக் குறையும்.

உஷ்ணத்தினால் நேரும் நஷ்டம்

பெரும்பாலோர் கவனியாது விடுவது உஷ்ணமே. பால் சூடேறினால் விரிந்து அடர்த்தி குறையும். ஒவ்வொரு மானியும் ஒரு குறிப்பிட்ட உஷ்ணநிலைக்கென்றே அளவிடப்பட்டது. அது கருவியின் மேலேயே குறிக்கப்பட்டிருக்கும். 27 டிகிரி சென்டிகிரேடு குறித்த மானியாயின், பாலின் உஷ்ணம் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 கூட்டவும், குறைந்த ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 கழிக்கவும் வேண்டும்.

உதாரணமாக, 33 டிகிரியிலுள்ள பால் 27 என்று காட்டுமாயின், 6 டிகிரிக்கு 1.2 கூட்ட, உண்மை அளவு 28.2 ஆகும். மானியில் 4 புள்ளிகள், திடப்பொருளில் ஏறக்குறைய 1 சதவீதத்திற்குச் சமம். எனவே இத்திருத்தத்தைச் செய்யாவிடில் திடப்பொருள் 0.3 சதவீதம் குறைவாகக் கணக்கிடப்படும். நீர் கலவாத பாலும் நீர் கலந்ததாகத் தோன்றும். விலை குறைவதோடு பழியும் நேரும். நம் பக்கத்து வெயிலில், கறந்து சற்று நேரமே ஆன பால் 27 டிகிரிக்கு இறங்கியிருப்பது அரிது.

சோதிக்கும் முறை

1. கறந்தவுடன் சோதித்தலாகாது. நுரையும் காற்றுக் குமிழ்களும் அடங்கட்டும்.

2. பாலை மெதுவாகக் கலக்கி, உயரமான பாத்திரத்தில் விளிம்புவரை ஊற்றுக.

3. மானி பாத்திரத்தின் பக்கங்களில் படாமல் தானே மிதக்க வேண்டும்.

4. பாலின் மட்டத்திற்கு நேராகக் கண்ணை வைத்து அளவைப் பார்க்க.

5. உடனே உஷ்ணமானியை இட்டு உஷ்ணத்தையும் குறித்துக்கொள்க.

எச்சரிக்கை

மானி காட்டுவது அடர்த்தியை மாத்திரமே. பாலின் சுத்தத்தை அன்று. கொழுப்பு நீரினும் இலேசானது. ஆகையால் ஆடை எடுத்த பாலின் அளவு உயரும். அதில் நீர் சேர்ப்பின் மீண்டும் 30க்கு வந்துவிடும். சர்க்கரை, உப்பு முதலியன சேர்த்தாலும் அளவு உயரும். எனவே கொழுப்புப் பரீட்சையும் சேர்ந்தாலன்றி, மானியை மட்டும் கொண்டு ஒருவரைக் குற்றவாளியென்றோ நிரபராதியென்றோ முடிவு கட்டுதல் கூடாது.

விதை நெல்லுக்கும் இதே தத்துவம்

விதை நெல்லைத் தேர்ந்தெடுக்க உப்புநீரில் முட்டையை மிதக்கவிடும் முறையும் இதுவே. அங்கு முட்டைதான் மானி. ஜப்பானில் யோகோய் டோகியோஷி என்னும் வேளாண் அறிஞர் 1882இல் உப்புநீர் முறையை வகுத்தார். புதிய கோழிமுட்டை நாணயமளவு வெளியே தெரியும்படி மிதக்கும் வரை நீரில் உப்பைக் கரைத்து, விதையை இட்டு, மிதக்கும் பதரையும் அரைமணிகளையும் நீக்குக. அமிழ்ந்த விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவவேண்டும். இன்றேல் உப்பினால் முளைப்பு கெடும்.

கிராம அதிகாரிகளும் சங்க நிர்வாகிகளும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பால்மானி உள்ள இடத்தில் உஷ்ணமானியும் இருத்தல் அவசியம். மானி காட்டிய அளவு, உஷ்ணம், திருத்திய அளவு ஆகிய மூன்றையும் உற்பத்தியாளர் முன்னிலையில் எழுதி வைத்தால் பெரும்பாலான வழக்குகள் அங்கேயே தீரும். தீராதவற்றை, வேங்கிக்காலிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இக்குறிப்புகளுடன் எடுத்துரைக்கலாம்.