அடுத்த ஸ்டாப்பில் இறங்கும் நரம்பு

“எல்4–எல்5 ஜவ்வு விலகியிருப்பதாக ஸ்கேன் சொல்கிறது. டாக்டரோ எல்5 நரம்பு என்கிறார். எது சரி? முதுகைக் கிழிக்காமல், முழித்திருக்கும்போதே ஓட்டை போட்டு எடுக்கிறார்களாமே, நிஜமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

எல்லாமே சரிதான். தண்டுவடம் இடுப்பின் அடிவரை வருவதில்லை. பெரியவர்களுக்கு எல்1, எல்2 என்று எண்ணிடப்பட்ட கீழ்முதுகு எலும்புகளை ஒட்டியே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்பு வேர்கள் கொத்தாக இறங்குகின்றன. குதிரைவால் என்று பெயர். எல்4 வேர் தன் எலும்புக்கு அடியில், ஜவ்வை எட்டுவதற்குள்ளேயே பக்கவாட்டில் திரும்பி வெளியேறிவிடும். பிதுங்கிய ஜவ்வு இடிப்பது, கீழே போகவேண்டிய எல்5-ஐ. டவுன் பஸ்ஸில் நான் தினமும் பார்ப்பதுதான்: இந்த ஸ்டாப்காரர் இறங்கிப் போயாயிற்று, அடுத்த ஸ்டாப்புக்காகப் படியோரம் வந்து நிற்பவர்தான் இடிபடுகிறார். ஜவ்வு ரொம்பவும் வெளிப்பக்கமாகப் பிதுங்கினால் மட்டும் எல்4-க்கே அடி விழும்.

அந்த எல்4 சரிந்து இறங்குகிறது பாருங்கள், அதன் கீழே ஒரு முக்கோணச் சந்து கிடைக்கிறது. சரிந்த வேர் கர்ணம். கீழெலும்பின் மேல்விளிம்பு அடிப்பக்கம். நரம்புக் கொத்தின் உறையும் அதையொட்டி இறங்கும் வேரும் மூன்றாவது பக்கம். பிலடெல்பியாவில் பணியாற்றிய பார்விஸ் காம்பின் என்ற அறுவை மருத்துவரின் பெயரால் இது காம்பின் முக்கோணம். ஏழெட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய் இதன் வழியேதான் ஜவ்வுக்குப் போகிறது.

எனக்கு வியப்பு அந்தக் கர்ணத்தின் மேல்தான். அதில் ஒரு புடைப்பு உண்டு. உணர்வு நரம்பணுக்கள் திரண்ட முடிச்சு. லேசாக அழுத்தினாலே அலறும். அதனால்தான் பல மருத்துவர்கள் தோலையும் தசையையும் மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டுக் குழாயை இறக்குகிறார்கள். “டாக்டர், கால்ல சுரீர்னுது” என்று குப்புறப் படுத்திருப்பவர் சொன்னால் குழாய் உடனே பின்வாங்கும். சிலருக்கு இரண்டு வேர்கள் ஒட்டிப் பிறந்திருக்கும். சந்து குறுகிவிடும், ஸ்கேனிலும் அது தப்பிவிடலாம். அடுத்த ஜவ்வான எல்5–எஸ்1-இல் இடுப்பெலும்பு குறுக்கே நிற்பதால் பெரும்பாலும் பின்பக்கமாகத்தான் போகிறார்கள்.

இவ்வளவு நுட்பமும் தப்பான ஜவ்வில் போய் இறங்கினால் என்ன பயன்? முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்து 1994-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஜவ்வு உப்பியிருந்தது. நாமோ வலி வந்த மறுநாளே ஃபிலிமும் கையுமாக நிற்கிறோம். குதிகாலால் நடக்கச் சொல்லி, பெருவிரலை மடக்கி நிமிர்த்தச் சொல்லிப் பார்க்கும் மருத்துவரைப் ‘பழைய காலத்து ஆள்’ என்கிறோம். எல்5 தளர்ந்திருந்தால் குதிகால் நடை காட்டிக்கொடுக்கும். எஸ்1 என்றால் நுனிக்காலில் எழும்ப முடியாது.

ஜவ்வால் வரும் கால்வலி பலருக்குச் சில வாரங்களில் கத்தியில்லாமலே தணிகிறது. ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மலவாயைச் சுற்றி மரத்தாலோ குதிரைவாலே நசுங்குகிறது என்று பொருள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.