மேல வெயில், கீழ வெள்ளம்: முக்கொம்புல ஒரு நடை

மழைக்காலத்துல நடக்கப் போறவங்க எல்லாரும் வானிலை ஆப்பைப் பார்ப்போம். நானும் அப்படித்தான். ஆத்தோரமா நடக்கும்போது அது மட்டும் பத்தாதுன்னு முக்கொம்புலதான் கத்துக்கிட்டேன்.

ஒரு ஆகஸ்ட் மாச ஞாயிற்றுக்கிழமை. எங்க நடைக் குழுவுல பதினாலு பேர். முக்கொம்புல பஸ்ஸை விட்டு இறங்கினப்ப நல்ல தூறல். கொள்ளிடத்து மணல்ல இறங்கி, கிழக்கே நாலு கிலோமீட்டர் போய்த் திரும்புறதுதான் பிளான். ஒன்பது மணிக்குத் தூறல் நின்னு பளிச்சுன்னு வெயில். "மழை விட்டாச்சு, இறங்கலாம்"னு முதல்ல சொன்னதே நான்தான்.

கரையில வலையில சிக்கெடுத்துக்கிட்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்க தம்பி போறீங்க? மேட்டூர்ல அதிகமாத் திறந்து ரெண்டு நாளாச்சு. தண்ணி வர்ற நேரம்."

"வெயில் அடிக்குதே ஐயா?"

"தண்ணி என்ன வெயிலைப் பார்த்தா வருது?"

அவர் சொன்னதோட கணக்கு இதுதான். திருச்சிக்கு முக்கியமான மழை அக்டோபருக்கு மேல, வடகிழக்குப் பருவத்துல. ஆனா காவிரியில பெரும்பாலும் வெள்ளம் வர்றது ஜூலை, ஆகஸ்ட்ல. அது குடகுலயும் வயநாட்டுலயும் பெய்யுற தென்மேற்குப் பருவமழை. கபினி, கிருஷ்ணராஜசாகர் நிரம்பி அந்தத் தண்ணி மேட்டூருக்கு வரும். மேட்டூர்ல 120 அடி நிரம்பிட்டா, வர்ற தண்ணியை அப்படியே வெளியே விடுறதைத் தவிர வழியில்ல. அங்கிருந்து முக்கொம்பு வர ரெண்டு மூணு நாள் ஆகலாம். பெருவெள்ளம்னா இன்னும் சீக்கிரம். நடுவுல பவானியும் அமராவதியும் வேற சேரும்.

நம்ம சர்வர்ல எல்லாம் பச்சையா இருக்கும், ஆனா அப்ஸ்ட்ரீம்ல எப்பவோ நடந்த தப்பு இப்ப வந்து இறங்கும் இல்லையா? ஆறும் அதே மாதிரிதான்.

இதுல முக்கொம்புக்குன்னு ஒரு விசேஷம் இருக்கு. காவிரி இங்கதான் ரெண்டாப் பிரியுது: தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். ரெண்டுக்கும் நடுவுல ஸ்ரீரங்கம். கொள்ளிடம் தாழ்வாப் போறதால தண்ணியெல்லாம் அந்தப் பக்கமே ஓடி, காவிரிப் பாசனம் காஞ்சது. அதைத் தடுக்கத்தான் 1836-ல ஆர்தர் காட்டன் இங்க மேலணை கட்டினார். அதனால சாதாரண நாள்ல கொள்ளிடம் வெறும் மணல். உபரி வந்தா மதகைத் தூக்கி அந்த மணல் மேலதான் விடுவாங்க. நமக்கு நடைபாதை மாதிரித் தெரியுறது, உண்மையில வெள்ளத்துக்குன்னு ஒதுக்கி வெச்ச வழி.

2018 ஆகஸ்ட்டை ஞாபகம் வெச்சுக்கோங்க. அப்ப மேட்டூர்ல இருந்து ஒரு கட்டத்துல விநாடிக்கு சுமார் ரெண்டு லட்சம் கன அடி வந்துச்சு. திருச்சியில கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தோட தூண்கள் சரிஞ்சது. ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பு மேலணையிலேயே ஒன்பது மதகுகள் உடைஞ்சு போச்சு.

ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். அப்ப ஒரு லட்சம் கன அடின்னா விநாடிக்கு 28 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி 230-க்கு மேல, ஒவ்வொரு விநாடியும். தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கானா, அது காலைத் தள்ளுற விசை நாலு மடங்காகும். முழங்கால் அளவுதானேன்னு இறங்கினவங்க விழுறது இதனாலதான்.

அதனால இப்ப எங்க குழுவுல மூணு விதி. ஒண்ணு, நடைக்கு மூணு நாள் முன்னாடியிருந்தே மேட்டூர் நீர்மட்டத்தையும் திறப்பையும் செய்தியில பார்க்கிறது. ரெண்டு, வெள்ள எச்சரிக்கை இருந்தா ஆத்துக்குள்ள கிடையாது, கரை மட்டும்தான். சந்தேகம்னா மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077. மூணு, மணல்திட்டுல உட்கார்ந்து சாப்பிடுறதில்ல. பக்கத்து வாய்க்கால்தான் முதல்ல நிரம்பும். திட்டு நனையுறதுக்கு முன்னாடியே திரும்புற வழி போயிடும்.

அன்னிக்கு நாங்க இறங்கல. கரையிலேயே நடந்தோம், கொஞ்சம் முணுமுணுத்துக்கிட்டேதான். திரும்பி வந்தப்ப மணி ஒண்ணு. வெயில் அப்படியே இருந்துச்சு. காலையில நாங்க டிபன் பொட்டலம் பிரிக்கலாம்னு கை காட்டின திட்டு இல்ல. அந்த இடத்துல செம்மண் நிறத்துல தண்ணி சுழிச்சு ஓடிக்கிட்டிருந்துச்சு. பெரியவரைத் தேடினோம். வலையைச் சுருட்டிக்கிட்டு எப்பவோ மேட்டுக்குப் போயிட்டார்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். பார்த்து நடங்க.